'ங்க' உதிரும் வேகம்

கோயம்புத்தூரில் ஒரு குளக்கரையைச் சுற்றி அந்த வருஷம் திடீரென்று பெஞ்சுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. மாநகராட்சிக்குக் காரணம் புரியவில்லை. நடக்க வருகிறவர்கள் கூடினால் நடைபாதையில்தானே நெரிசல் வரவேண்டும்? இங்கே நடைபாதை தாராளமாகக் கிடந்தது. பெரியவர்கள் பெஞ்சுக்கு அடித்துக்கொண்டார்கள். துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். பால் சொசைட்டி ரங்கசாமி வீட்டிலிருந்து மடக்கு நாற்காலியையே தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

ரேணுகாதேவிக்குக் காரணம் தெரியும். நடந்தால் வாயில் உண்மை வந்துவிடுகிறது. மற்றதைப் பேச உட்கார வேண்டியிருக்கிறது.

எல்லாம் அந்தச் சிகிச்சையால் வந்தது. வயதானவர்களின் பதற்றத்துக்கு வேக நடை நல்லது, மனம்விட்டுப் பேசுவதும் நல்லது என்பது பழைய சேதி. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவைக்க ஒரு கருவி வந்திருந்தது. நெஞ்சில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, காதில் வைத்துக்கொள்ள ஒரு பொத்தான். பட்டை இதயத்தையும் மூச்சையும் கவனித்துக்கொள்ளும். பொத்தான் கேள்வி கேட்கும், பதிலைக் கேட்டுக்கொள்ளும், மறுபடி கேட்கும். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு வரிக்குள் அடங்காது. குளக்கரை அதற்குக் 'காதம்மா' என்று பெயர் வைத்து முடித்துவிட்டது.

ரங்கசாமியும் அவருடைய சம்பந்தியும் ஒன்றாகச் சிகிச்சைக்குச் சேர்ந்தவர்கள். முதல் வாரம் சேர்ந்து நடந்தபோது, இரண்டாவது வளைவு தாண்டியதும் ரங்கசாமி சொன்னார்: "உங்க வீட்டுக் கல்யாணத்துல சாம்பார் ஊசிப்போச்சு. எங்க ஆளுக பாதிப் பேர் வீட்டுக்கு வந்து தயிர்சோறு தின்னாங்க."

சம்பந்தி மூச்சு வாங்கிக்கொண்டே, "தெரியும். அந்தச் சமையல்காரனைப் பிடிச்சுக் குடுத்தது உங்க மச்சான்" என்றார்.

இரண்டு பேரும் பயந்துபோய் அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மூச்சு சீரானதும், "பிரமாதமான கல்யாணமுங்க சம்பந்தி" என்றார் ஒருவர். "எல்லாம் உங்க ஒத்தாசைதானுங்க" என்றார் மற்றவர். அன்றிலிருந்து 'உட்கார்ந்து பேசலாமுங்க' என்பதற்கு அந்தப் பக்கத்தில் புது அர்த்தம் ஏற்பட்டது. முன்பெல்லாம் அதற்கு, சண்டையை விட்டு ஒரு முடிவுக்கு வருவோம் என்று பொருள். இப்போது, மரியாதையாகப் பொய் சொல்லிக்கொள்வோம் என்று பொருள்.

ரேணுகாதேவியின் கணவர் சென்னியப்பன் ஒரு பம்பு கம்பெனியின் டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒழுகாத பம்பு என்று ஒன்று கிடையாது, ஒழுகுகிற இடத்தை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் உண்மை என்பது அவருடைய தொழில் நம்பிக்கை. ஓய்வுக்குப் பிறகு சோதித்துப் பார்க்க வீடு ஒன்றுதான் மிஞ்சியது. கேஸை அணைத்தாயா, கேட்டைப் பூட்டினாயா, மோட்டாரை நிறுத்தினாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். டப்ளினில் இருக்கும் மகன் தருண் போனை எடுக்கவில்லை என்றால் அந்த ஊரில் வெள்ளமா என்று செய்தி பார்ப்பார். போன ஐப்பசியில் குளியலறையில் மயங்கி விழுந்து, நெற்றியில் தையல் போட்ட பிறகு கேள்விகள் இரட்டிப்பாயின.

எல்லாக் கேள்விக்கும் ரேணுகாதேவியிடம் ஒரே பதில்தான். "ஒண்ணும் ஆகாதுங்க."

அவள் மகளிர் கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்தவள். மாடியில் பாம்பு வந்த நாளில்கூட, யாரும் கத்தக்கூடாது என்று சொல்லிப் பெண்களை வரிசையாக இறக்கிக்கொண்டு வந்தவள். பயப்படுகிறவர்கள் முன்னால் பயப்படாமல் நிற்பது அவளுக்குப் பழகிப்போன வேலை.

தருண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மலையடிவாரத்தில் பெரியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்றில் இடம் பேசிவைத்தான். கட்டிலருகே பொத்தான், அழுத்தினால் நர்ஸ். மூன்று வேளையும் மணியடித்துச் சாப்பாடு. அங்கேதான் ரேணுகாதேவி இடறினாள். வாழ்நாளெல்லாம் மணியடித்தவள் அவள். தட்டைத் தூக்கிக்கொண்டு மணிக்கு எழுந்து போகிறவளாக மாற அவளுக்குச் சம்மதமில்லை.

மகனிடம் பேரம் பேசினாள். அப்பா இந்த நடைச் சிகிச்சையை முடிக்கட்டும். கடைசியில் கருவி காட்டும் அவருடைய பதற்ற அளவு அபாயக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் வீட்டிலேயே இருப்போம். வராவிட்டால் நீ சொல்கிற இடத்துக்கு வருகிறோம்.

தருண் ஒப்புக்கொண்டான். இப்போது வீடு சென்னியப்பனின் இதயத்துடிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

குளக்கரையில் பழைய படகுச்சீட்டு அறையைத்தான் சிகிச்சை மையமாக்கியிருந்தார்கள். பொறுப்பு டாக்டர் நிலோஃபர். சின்ன வயதுதான். எப்போதும் ஓடப்போகிறவள் மாதிரி ஷூ போட்டிருப்பாள்.

முதல் நாள் சென்னியப்பன் கேட்டார். "ஊசி கீசி உண்டுங்களா டாக்டர்?"

"இல்லீங்க. நடக்கணும். நடக்கறப்பவே பேசணும்."

"பேசறதுக்கு எதுக்குங்க நடக்கணும்? உட்கார்ந்தே சொல்றனுங்க."

"சரி, சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கறனுங்க."

"மனசுல பயம் ஏதாச்சும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

சென்னியப்பன் திரும்பி மனைவியைப் பார்த்தார். "இவ கூட்டியாந்தாளுங்க."

நிலோஃபர் சிரித்துவிட்டாள். "இதுக்குத்தானுங்க நடக்கச் சொல்றோம். உட்கார்ந்திருக்கறப்ப மூளைக்குப் பெரிய வேலை இல்ல. வர்ற வார்த்தையைத் தோய்ச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சுத்தான் வெளியில விடும். ஒரு வேகத்துக்கு மேல நடந்தா அதுக்கு நேரம் பத்தாது. நடையைப் பார்க்குமா, நடிப்பைப் பார்க்குமா?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குமுங்களே. அதுக்குத்தானே இவருக்குப் பயமே" என்றாள் ரேணுகாதேவி.

"அதுதாம்மா மருந்தே. நெஞ்சு அடிச்சா ஏதோ ஆபத்துன்னு உடம்பு நினைச்சுக்குது. நடந்தாலும் அதே அடிதான். தினம் அடிச்சு, தினம் அடங்கி, ஆபத்து எதுவும் வரலைன்னா உடம்புக்குப் புத்தி வந்துரும். வாய் அந்த நேரத்துல உள்ள கிடக்கறதை வெளியில கொட்டிட்டே இருக்கும்."

"எந்த வேகத்துல நிஜம் வருதுன்னு அதுக்கு எப்படித் தெரியுமுங்க?" என்றார் சென்னியப்பன்.

நிலோஃபர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டாள். "சென்னையில குரல் நடுக்கத்தை வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. நல்லா வேலை செஞ்சுது. இங்க கொண்டாந்ததும் படுத்துருச்சு. கோயம்புத்தூர்ல ஒருத்தருக்குக்கூடக் கவலை இல்லைன்னு காட்டுச்சு. நம்ம ஆளுக வயித்தெரிச்சலைக்கூட 'எரியுதுங்க'ன்னு தேன் தடவித்தானே சொல்வாங்க? மாசக்கணக்கா எல்லார் பேச்சையும் போட்டுப் போட்டுக் கேட்டோம். மூச்சு வாங்க ஆரம்பிச்சா முதல்ல உதிர்றது என்னன்னு கண்டுபிடிச்சோம்."

"என்னங்க?"

"இப்ப நீங்க சொன்னதுதானுங்க. 'ங்க'. அது உதிர்ந்ததுக்கப்பறம் வர்றதெல்லாம் நிஜம். அந்த வேகத்தைக் கருவி பிடிச்சுக்கும்."

ரேணுகாதேவிக்கு அது சற்று அநாகரிகமாகப் பட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவரிடம் 'ங்க' போடாமல் பேசியதில்லை. கோபத்திலும் போட்டாள். குளியலறையில் அவர் விழுந்து கிடந்தபோதுகூட, "என்னங்க, எந்திரிங்க" என்றுதான் சொன்னாள்.

சென்னியப்பன் தினமும் காலையில் நடந்தார். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி, இட்லியைக் கூடுதலாகச் சாப்பிட்டார். காதம்மாவைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் ஒரு களை வந்தது ரேணுகாதேவிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"இன்னைக்கு என்னங்க கேட்டா அவ?"

"அது எனக்கும் அவளுக்கும் உள்ள விஷயம் அம்மிணி."

"ஓஹோ. கட்டுன பொண்டாட்டி இங்க பல்லைக் காட்டிட்டு நிக்கறன். அங்க போய் மிசின்கிட்ட மனசைத் திறக்கறீங்களாக்கும்."

"நீயும் நடந்துட்டே கேட்டா உன்கிட்டயும் திறப்பேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய சென்னியப்பன்தான். கேஸை அணைத்தாயா? கேட்டைப் பூட்டினாயா? நடுவில் ஓரிரு நாள் ஓய்ந்ததைத் தவிர, வாரங்கள் போயும் கேள்விகள் ஒன்றுகூடக் குறையவில்லை. நிலோஃபரோ, "அய்யா அருமையா வர்றாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்துகொண்டு சொன்னாள் என்பதை ரேணுகாதேவி குறித்துக்கொண்டாள்.

கடைசி நடை கணவனும் மனைவியும் சேர்ந்து நடப்பது. அந்த நடையில் வரும் அளவுதான் தருணுக்குப் போகும். அதற்கு முந்தின நாள் மாலை ரேணுகாதேவி கணவருக்குப் பாடம் நடத்தினாள்.

"ஏனுங்க, அவ கேட்டா பயமெல்லாம் போயிருச்சுன்னு சொல்லிருங்க."

"வேகமா நடக்கறப்ப சொல்லவேண்டியதெல்லாம் சொல்ல வராது. வாய் தன் பாட்டுக்கு ஓடும்."

"அதனாலதான் நாம மெதுவா நடக்கறோம். எனக்கு முட்டி வலின்னு சொல்லிக்கறனுங்க. நான் மெதுவா வந்தா நீங்களும் மெதுவாத்தானே வரணும்? மூச்சு வாங்காது. 'ங்க' இருக்கும். வீடும் இருக்கும்."

"வார்டன்னா வார்டன்தான்" என்றார் சென்னியப்பன். பிறகு, "கேஸை அணைச்சுட்டியா?" என்றார்.

"அணைச்சாச்சுங்க. ஒண்ணும் ஆகாதுங்க."

மறுநாள் காலை நிலோஃபர் சென்னியப்பனுக்குப் பட்டையைக் கட்டிவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு ரேணுகாதேவியிடம் வந்தாள்.

"எனக்கெதுக்குங்க? நான் துணைக்கு வர்றவ."

"துணைக்கு வர்றவங்களுக்கும் நெஞ்சு உள்ளதானுங்களே இருக்கு."

காதில் ஒரு பெண்குரல் வந்தது. சித்தி முறையில் யாரோ ஒருத்தி பேசுவது போலிருந்தது. "வணக்கமுங்க ரேணுகாம்மா. போலாமுங்களா?"

"போலாமுங்க. எனக்கு முட்டி வலிங்க. மெதுவாத்தான் வருவனுங்க."

"அடடா. எந்த முட்டிங்க?"

"வலது... ரெண்டும்."

"சரீங்க" என்றாள் காதம்மா. அதற்குமேல் வாதாடவில்லை.

திட்டப்படி நடந்தார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை. குளத்தில் நாரைகள் நின்றுகொண்டிருந்தன. ரேணுகாதேவி கல்யாணப் பந்தலுக்குள் நுழைகிறவள் போல அடி எடுத்துவைத்தாள். சென்னியப்பனும் பக்கத்திலேயே வந்தார். முதல் வளைவு வரை அவரவர் காதம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் 'இல்லீங்க', 'ஆமாங்க', 'அதுக்கென்னங்க' என்று பதில்கள் சுத்தமாக வந்துகொண்டிருந்தன. வீட்டைக் காப்பாற்றியாயிற்று என்று ரேணுகாதேவி நினைத்தாள்.

அப்போது சென்னியப்பன் தலையைச் சாய்த்துக் காதம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "சரி" என்றார். சட்டென்று வேகமெடுத்து முன்னால் போனார்.

"ஏனுங்க, எங்க போறீங்க?"

"என்னை மட்டும் முன்னால போகச் சொல்றாங்க அம்மிணி!" திரும்பாமலே சொன்னார்.

போகட்டும், பத்தடி முன்னால் போனால் என்ன என்று அவள் நினைக்கப் பார்த்தாள். நினைக்க முடியவில்லை. அந்த இடத்தில் கரை சரிந்து, கல் பெயர்ந்து கிடக்கும். அவர் நடையில் லேசாக ஓர் ஆட்டம் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அவருக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த இடம் கூடிக்கொண்டே போனது. கை எட்டாத தூரத்துக்கு அவர் போய்விட்டார்.

"ஏனுங்க, பார்த்துப் போங்க! அங்க கல்லுங்க!"

அவர் போய்க்கொண்டிருந்தார். ரேணுகாதேவியின் இரண்டு முட்டிகளும் ஒரே நேரத்தில் குணமாயின. புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விரைந்தாள்.

"நில்லுங்க! சொன்னாக் கேளுங்க, நில்லுங்க!"

மூச்சு வாங்கியது. நெஞ்சு காதுக்குள் அடித்தது.

"நில்லு!" என்றாள். "சென்னியப்பா, நில்லு!"

குளக்கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ரங்கசாமி மடக்கு நாற்காலியில் பாதி எழுந்து, பாதியிலேயே நின்றார். ஒரு மனைவி கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை.

சென்னியப்பன் வேகத்தைக் குறைத்து அவளைச் சேர்ந்துகொள்ள விட்டார். ஆனால் நிற்கவில்லை. "வா, நடந்துட்டே பேசு" என்றார்.

"விழுந்துருவ. அன்னைக்கு மாதிரி விழுந்துருவ நீ." சொற்கள் அவளைக் கேட்காமலே வந்தன. "மத்தியானம் தூங்குறயே, தினம் உன்ற மூக்குகிட்டக் கையை வெச்சுப் பாக்கறன். மூச்சு வருதான்னு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உன்ற கையில வெங்காய வாசம் வரும்."

"அப்ப நீ தூங்கறதில்லையா?"

"நீ வந்து போன பொறவுதான் தூங்குவேன். நீ கையை வைக்கறப்ப மூச்சை நல்லா இழுத்து இழுத்து விடுவேன். உனக்குச் சந்தேகம் வரக்கூடாதுல்ல."

ரேணுகாதேவி வாயைத் திறந்தபடி நடந்தாள். சிரிப்பதா, முதுகில் ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை. "எனக்கு எல்லாத்துக்கும் பயம். போன் அடிச்சாப் பயம். அடிக்கலைன்னாலும் பயம். ஒண்ணும் ஆகாது ஒண்ணும் ஆகாதுன்னு உன்கிட்டச் சொல்றனே, எனக்கென்ன தெரியும் ஆகுமா ஆகாதான்னு?"

"அதுவும் தெரியும். அதனாலதான் கேட்டுட்டே இருக்கறன்."

"எதை?"

"கேஸை அணைச்சுட்டியான்னு." சென்னியப்பனுக்கும் மூச்சு வாங்கியது. ஆனால் முகம் சாதாரணமாக இருந்தது. "எனக்கு இங்க வந்த கொஞ்ச நாள்லயே சரியாயிருச்சு அம்மிணி. கேக்கறதை நிறுத்திப் பார்த்தேன். நான் கேக்காத அன்னைக்கு நீ எந்திரிச்சு எந்திரிச்சுப் போயி அடுப்பைப் பார்க்கற. கேட்டைப் போய் ஆட்டிப் பார்க்கற. நான் கேட்டா மட்டும், ஒண்ணும் ஆகாதுங்கன்னு எனக்குச் சொல்லிட்டு, அந்தச் சொல்லுலயே நீ அடங்கி உட்கார்ந்துக்கற. பயந்தவனைத் தேத்தற வேலை இருந்தா உனக்குப் பயம் வர்றதில்ல. அந்த வேலையைப் பிடுங்க எனக்கு மனசு வரலை."

நாரைகள் இருந்த இடம் பின்னால் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவள் நிற்கவில்லை.

"ஏண்டா வீட்டுல சொல்லலை?"

"வீட்டுல நாம உட்கார்ந்துதானே பேசறோம்."

மூன்றாவது வளைவில் நிலோஃபர் எதிரே வந்தாள். அவர்களுடைய முகங்களைப் பார்த்தாள். "உட்கார்ந்து பேசலாமுங்களா?" என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்குமே தெரியும். இருந்தும் உட்கார்ந்தார்கள். ரங்கசாமியின் சம்பந்தி எழுந்து பெஞ்சை விட்டுக்கொடுத்தார். ரேணுகாதேவியைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்.

"அய்யா தேறிட்டாருங்க. கோட்டுக்கு ரொம்பக் கீழ இருக்காரு. தருணுக்கு இன்னைக்கே அனுப்பிடறனுங்க" என்றாள் நிலோஃபர்.

வீடு கிடைத்துவிட்டது. ரேணுகாதேவி சந்தோஷப்படத் தயாராக முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். சந்தோஷம் வந்து சேரவில்லை.

"என்னோடது எவ்வளவுங்க?"

"நீங்க துணைக்கு வந்தவங்கதானுங்களே. உங்க அளவை யாரும் கேக்கலீங்க."

"நான் கேக்கறனுங்க."

"நல்லாத்தானுங்க இருக்குது."

ரேணுகாதேவி எழுந்தாள். "நீங்களும் எந்திரிங்க டாக்டர். நடக்கலாம்."

நிலோஃபருக்கு வேறு வழியில்லை. ரேணுகாதேவி விடுதிப் பெண்ணை அழைத்துப்போவது போல அவளை இழுத்துக்கொண்டு நடந்தாள். அடுத்த வளைவு வரை நிலோஃபர் தாக்குப்பிடித்தாள். பிறகு சொன்னாள்: "அய்யா முதல் நாள் வந்தப்ப இருந்ததைவிட உங்களுக்கு அதிகம். நிறைய அதிகம். பல வருஷமாவே இருந்திருக்கும். இதோட இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்கன்னே எனக்குத் தெரியலை."

"நடந்தாப் போகுமா?"

"போகும். குறையவாச்சும் செய்யும். ஆனா நீங்களும் சேர்ந்தீங்கன்னா உங்க அளவும் தருணுக்குப் போகும். அதுதான் விதி. நீங்க துணையாவே இருந்துட்டா எதுவும் போகாது. வீடு உங்களுக்குத்தான்."

ரேணுகாதேவி திரும்பிப் பார்த்தாள். சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது பயமில்லை, வெறும் பழக்கம் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. இனி வீட்டுக்குப் போனால் அந்தக் கேள்வியை அவர் கேட்டாலும் அவளால் பழையபடி பதில் சொல்ல முடியாது. தேற்றுவதற்கு ஆளில்லாமல் அவளுடைய பயம் அவளிடமே தங்கிவிடும்.

"என்னையும் சேர்த்துக்க" என்றாள்.

அன்று மாலை தருண் அழைத்தான். போனைச் சென்னியப்பன் கையில் கொடுத்து, சத்தமாக வைக்கச்சொல்லிவிட்டு, ரேணுகாதேவி கூடத்தில் நடக்க ஆரம்பித்தாள். ஜன்னலிலிருந்து சமையலறை வரை, சமையலறையிலிருந்து ஜன்னல் வரை.

"அப்பா சூப்பர்ம்மா! ஆனா உங்க பேர்லயும் ஏதோ வந்திருக்கு. தப்பா அனுப்பிட்டாங்களா?"

"தப்பில்ல கண்ணு. அது என்னோடதுதான்."

"நீங்களா? உங்களுக்கென்னம்மா பயம்? நீங்க பாம்பையே—"

"பாம்பு ஒரு நாள்தான் வந்துச்சு. எனக்கு ரொம்ப நாளாப் பயம். அதுக்கு நானும் நடக்கப்போறன். ஆனா அந்த மலையடிவாரத்துக்கு வரமாட்டன். மணியடிச்சா எந்திரிச்சுப் போய்ச் சாப்பிட என்னால ஆகாது."

மகன் அலுவலகக் குரலில் ஆரம்பித்தான். "இல்லம்மா, யோசிச்சுப் பாருங்க. இதுவரைக்கும் ஒருத்தருன்னு நினைச்சோம். இப்ப ரெண்டு பேரு. அப்ப அங்க போறதுதான் இன்னும் நியாயம். அங்க பொத்தான் இருக்கு, நர்ஸ் இருக்காங்க."

"யாருக்காகக் கண்ணு போகணும்?"

"உங்களுக்காகத்தான். வேற யாருக்காக? எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்." அவன் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்காலி கிறீச்சென்றது.

ரேணுகாதேவியும் சென்னியப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்திரி தருண்" என்றாள் அவள். விடுதியில் விளக்கணைக்கச் சொல்லும் குரல் அது. "எந்திரிச்சு நடந்துட்டே சொல்லு."

"என்னம்மா விளையாட்டு இது?"

"நட கண்ணு. வேகமா."

ஒரு பெருமூச்சு கேட்டது. நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. டப்ளினில் மரத்தரை போலும். ஒவ்வோர் அடியும் போனில் தெளிவாக விழுந்தது. "நல்லாத்தான் இருக்கேன்" என்றான் முதலில். அவள் தன் நடையைத் தொடர்ந்தாள். அவனுடைய காலடிகள் நெருங்கி நெருங்கி விழ ஆரம்பித்தன.

"நம்ம ஊர்லேர்ந்து போன் வந்தாலே எடுக்கப் பயமா இருக்கும்மா" என்றான் கடைசியில். மூச்சு இரைத்தது. "அப்பா விழுந்த அன்னைக்கிலேர்ந்து. அந்த மலையடிவாரத்து இடத்தை நான் சரியாக்கூடப் பார்க்கலை. நீங்க ரெண்டு பேரும் அங்க இருந்தா, யாரோ பார்த்துக்கறாங்கன்னு நான் போனைத் தள்ளிவெச்சுட்டுத் தூங்கலாம். அவ்வளவுதான். எனக்காகத்தான்."

ரேணுகாதேவி ஜன்னலருகே திரும்பினாள்.

"அதுக்கு நாங்க வீடு மாறணுமா, நீ நடக்கணுமா?"

டப்ளினில் காலடிச் சத்தம் நிற்கவில்லை.